கட்டையை விட ரிசீவர்தான் முக்கியம்

ஒரு தடவைக்கு ஒரு தோட்டா மட்டுமே போடும் வேட்டைத் துப்பாக்கியின் அழகே, தோளில் வைத்துப் பிடிக்கும் அதன் வால்நட் மரக் கட்டையில்தான் என்கிறது உங்கள் தொடரில் வந்த கட்டுரை. பெங்களூரு பீன்யாவில் உலோகம் செதுக்கும் மில்லிங் மெஷின் ஓட்டும் எனக்கு முதலில் கண்ணில் படுவது ரிசீவர், அதாவது குழலின் பின்னால் இயங்கு பாகங்களைத் தாங்கும் எஃகு உடல். 1872-இல் ஸ்காட்லாந்தின் ஜான் ஃபார்குவர்சன் காப்புரிமை பெற்ற அமைப்பில், லிவரை இறக்கினால் ஓர் எஃகுக் கட்டி செங்குத்தான காடியில் கீழே இறங்கும். ஏற்றினால் தோட்டாவின் பின்பக்கத்தை அடைத்து நிற்கும். மற்ற துப்பாக்கிகளில் முன்னும் பின்னும் ஓடி அந்த வாயை அடைக்கும் போல்ட் என்ற எஃகுத் தண்டு இதில் இல்லை, அது பின்னால் ஓட இடமும் தேவையில்லை. அதனால் மொத்த நீளம் கூடாமலே குழலை நீட்டலாம். 1967-இல் வந்த ரூகர் நம்பர் ஒன் என்ற அமெரிக்கத் துப்பாக்கியும் இதே வழிதான். அந்தக் கட்டி காடியில் ஆடவும் கூடாது, இறுகவும் கூடாது. எத்தனை பொறுமையான வேலை! அப்புறம், குழலுக்கு அடியில் வரும் முன்கட்டை குழலை ஒழுங்கில்லாமல் அழுத்தினால் குறி மாறும். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இந்தியாவில் வேட்டைக்குத் தடை, அது சரிதான். அடுத்த பகுதியில் ரிசீவரின் வெட்டுத் தோற்றப் படம் போடுங்கள். எங்கள் பட்டறைப் பையன்களுக்குக் காட்ட வேண்டும்.