மாறி ஏறுவது யாருக்குச் சுலபம்?

சென்னையில் பஸ், மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் ஒரே செயலியில் டிக்கெட் எடுக்க 2025-ல் ‘சென்னை ஒன்’ வந்ததும் எங்கள் ஊர்க்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரே கொண்டாட்டம். “இனிமே நாங்களும் உங்க சிங்கப்பூர் மாதிரிதான்” என்றார் ஒருவர். சந்தோஷம்தான். ஆனால் எங்கள் சிங்கப்பூரிலேயே பாதி வேலை இன்னும் மிச்சம் இருக்கிறது என்று அவரிடம் சொல்லத் தோன்றியது. அங்கே சொன்னால் சண்டையாகிவிடும், அதனால் இங்கே எழுதுகிறேன்.

முடிந்த பாதி அருமையாகவே முடிந்திருக்கிறது. 1987-ல் முதல் எம்ஆர்டி ரயில் ஓடியது. 1990-ல் பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் ஒரே அட்டை, 2002-ல் தட்டினாலே போதும் என்ற ஈஸிலிங்க் அட்டை. இவை எல்லாவற்றையும்விடப் பெரிய மாற்றம் 2010 ஜூலையில் வந்த தூரக் கட்டணம். அதற்கு முன்பு வண்டி மாறினால் கூடுதல் காசு. அந்தக் காசுக்காகவே ஊரெல்லாம் சுற்றிப் போகும் பஸ்ஸில் பொறுமையாக உட்கார்ந்திருந்தவர்கள் உண்டு. இப்போது இரண்டு மணி நேரத்துக்குள் ஐந்து முறை வரை மாறலாம், இறங்கி 45 நிமிடத்துக்குள் அடுத்ததில் ஏறினால் போதும், மொத்த தூரத்துக்குத்தான் கட்டணம். பஸ்ஸை எந்த நிறுவனம் ஓட்டுகிறது, ரயிலை எந்த நிறுவனம் ஓட்டுகிறது என்று நாம் யோசிப்பதே இல்லை. உலகத்தில் பல பெரிய நகரங்களால் இதைச் செய்ய முடியவில்லை.

சரி, மிச்சப் பாதி என்ன?

அந்த விதிகளில் ஒன்று: இறங்கிய அதே எண் பஸ்ஸில் மறுபடி ஏறினால் அது மாற்றமாகச் சேராது, புதுப் பயணம். சிராங்கூன் சாலை வழியாகப் போகும் 147-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் அம்மா தேக்கா சந்தைப் பக்கம் இறங்குகிறார். பூவும் பழமும் வாங்கிக்கொண்டு அரைமணியில் வெளியே வருகிறார், பெருமாள் கோயிலுக்குப் போய்க் கும்பிட வேண்டும். வேறு எண் பஸ் வந்து அதில் ஏறினால் பழைய பயணத்தின் தொடர்ச்சி. மறுபடி 147 வந்து அதில் ஏறினால் முதலிலிருந்து கட்டணம். அதே சாலை, அதே திசை, அதே அம்மா. போன வழியே திரும்பி வந்து ஓசியில் ஊர் சுற்றிவிடக் கூடாது என்பதற்காக வைத்த விதியாக இருக்கலாம், புரிகிறது. மூத்தோர் சலுகை அட்டையில் அந்தக் கட்டணம் குறைவுதான், அதுவும் தெரியும். ஆனால் இந்த விதியை எழுதியவர் மனத்தில் இருந்த பயணி யார் என்று பாருங்கள். காலையில் வீட்டிலிருந்து நேரே அலுவலகம், மாலையில் நேரே வீடு. வழியில் கோயில், சந்தை, பலதுறை மருந்தகம், பேரனைப் பாலர் பள்ளியிலிருந்து கூட்டி வருவது என்று நாலு இடத்தில் இறங்கி ஏறுகிறவர் அந்த மனத்தில் இல்லை.

அரசின் 2040 போக்குவரத்துப் பெருந்திட்டத்திலும் இதே ஆள்தான். நடை, சைக்கிள், பொதுப் போக்குவரத்து வழியாகச் செல்லும் பயணங்களில் பத்தில் ஒன்பது 45 நிமிடத்துக்குள் முடிய வேண்டும் என்கிறது. நல்ல இலக்கு. ஆனால் அது கணக்கெடுப்பது உச்ச நேரப் பயணங்களை. நம் வீட்டுப் பெரியவர்கள் கிளம்புவதே கூட்டம் வடிந்த பிறகு, பத்து மணிக்கு மேல்.

167 கதை நினைவிருக்கிறதா? செம்பவாங்கிலிருந்து நகருக்குள் போகும் பஸ். தாம்சன் - ஈஸ்ட் கோஸ்ட் ரயில் பாதை வந்ததும் ஆட்கள் குறைந்துவிட்டார்கள் என்று 2023 நவம்பரில் அந்தச் சேவையை நிறுத்தப் போவதாக அதிகாரிகள் அறிவித்தார்கள். மக்கள் சத்தம் போட்டதும் அரைமணிக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டார்கள். ரயிலுக்கு இணையாகக் காலி பஸ் ஓட்டுவது வரிப்பண விரயம் என்ற வாதத்தை நான் தள்ளிவிட மாட்டேன். ஆனால் முட்டி தேய்ந்தவருக்கு அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே வந்து நிற்கும் பஸ்ஸும், மின்தூக்கியைத் தேடிப் பிடித்துப் பாதாளத்துக்கு இறங்கி ஏற வேண்டிய ரயிலும் ஒன்றல்ல. நியூட்டனிலும் தெம்பனிஸிலும் ஒரு பாதையிலிருந்து இன்னொரு பாதைக்கு மாற வேண்டுமானால் வாயிலில் அட்டையைத் தட்டி வெளியே வந்து, நடந்து, மறுபடி தட்டி உள்ளே போக வேண்டும். இப்படி ரயில் விட்டு ரயில் மாற அந்த 45 நிமிட அவகாசம் கிடையாது, 15 நிமிடம்தான். சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு, நடுவில் கழிவறைக்கும் போய்விட்டு, அந்த நேரத்துக்குள் போய்ப் பாருங்கள்.

இப்படி அலுத்துப்போனவர் வீட்டிலேயே இருந்துவிடுகிறார், இல்லாவிட்டால் மகன் கைப்பேசியில் கிராப் வாடகைக் கார் பதிவுசெய்து அனுப்புகிறான். ஒருவருக்காக ஒரு கார். 2030-க்குள் பாதி பஸ்களை மின்சாரத்துக்கு மாற்றுகிறோம், கார் வாங்கத் தேவையான வாகன உரிமைச் சான்றிதழை எட்டாத விலைக்கு ஏலம் விடுகிறோம், அப்புறம் பஸ்ஸிலேயே ஆயுள் முழுக்கப் போன ஒருவரை எழுபது வயதில் காருக்குள் ஏற்றிவிடுகிறோம்.

சொன்னால் கேட்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். 2024 ஜனவரியில் பழைய ஈஸிலிங்க் முறையை எடுத்துவிடுவதாக அறிவித்து, புது முறையில் வாயிலில் மீதித் தொகை தெரியாதே என்று பெரியவர்கள் குமுறியதும் இரண்டு வாரத்துக்குள் பின்வாங்கினார்கள். அதற்கு 4 கோடி வெள்ளி செலவு. பஸ் சேவைகளைப் பெருக்க எட்டு ஆண்டுகளில் 90 கோடி வெள்ளி வரை ஒதுக்கியிருக்கிறார்கள். அதோடு ஒப்பிட்டால் நான் கேட்பது பெரிய செலவே இல்லை. எந்த நிறுத்தத்தில் ஏறினோம், எங்கே இறங்கினோம் என்பது அட்டை தட்டும்போதே பதிவாகிறது. அதே திசையில் போகிறவருக்கு அதே எண் பஸ்ஸையும் மாற்றமாகச் சேர்க்கட்டும். ரயில் விட்டு ரயில் மாறும் 15 நிமிடத்தை மூத்தோர் அட்டைக்காவது 45 ஆக்கட்டும். அடுத்த முறை ஒரு பஸ் சேவையை நிறுத்தும் முன், காலை பத்து மணிக்கும் பன்னிரண்டு மணிக்கும் நடுவே அதில் யார் ஏறுகிறார்கள் என்ற எண்ணிக்கையைத் தனியாக வெளியிடட்டும்.

உங்கள் பேட்டையில் எந்த பஸ் சேவை நின்றுபோனது, அதில் போனவர்கள் இப்போது எப்படிப் போகிறார்கள் என்று கீழே எழுதுங்கள். தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரைப் பார்க்கப் போகும்போது எடுத்துப் போகிறேன்.