சான்றிதழ் வைத்திருக்கும் வண்டியே பொய் சொன்னால்?

வண்டிகள் தங்களுக்குள் ரேடியோவில் பேசிக்கொள்ளும் வி2எக்ஸ் தொழில்நுட்பம் பற்றி உங்கள் கட்டுரையில் நல்லாவே விளக்கியிருக்கிறீர்கள். ஆனால் 'எல்லாச் செய்தியிலும் டிஜிட்டல் கையெழுத்து இருப்பதால் ஏமாற்ற முடியாது' என்ற கடைசி வரியை என்னால் ஏற்க முடியவில்லை.

கையெழுத்து காட்டுவது இவ்வளவுதான்: அனுப்பியவரிடம் செல்லுபடியாகும் சான்றிதழ் (நம்பகமான அமைப்பு தரும் டிஜிட்டல் அடையாளம்) இருக்கிறது, வழியில் யாரும் செய்தியைத் திருத்தவில்லை. உள்ளே இருப்பது உண்மையா என்பது வேறு கேள்வி. ஒவ்வொரு வண்டியும் நொடிக்கு சுமார் 10 முறை தன் இடம், வேகம், திசையை அனுப்புகிறது. நெடுஞ்சாலையில் ஓடிக்கொண்டே 'சடன் பிரேக் போட்டுவிட்டேன்' என்று ஒருவன் அனுப்பினால் பின்னால் வருபவர்கள் கதி என்ன? சென்சார் பழுதானாலும் இதே விளைவுதான்.

அப்புறம், யாரும் பின்தொடரக் கூடாது என்று அமெரிக்க வடிவமைப்பில் ஒரு வண்டிக்கு வாரத்துக்கு 20 புனைபெயர்ச் சான்றிதழ்கள் (வண்டி யாருடையது என்று காட்டாதவை) தருகிறார்கள். நோக்கம் நியாயமானது, ஆனால் அத்தனையையும் ஒரே நேரத்தில் பயன்படுத்தினால் ஒரே கார் 20 காராகத் தெரியும், இல்லாத நெரிசல் உருவாகும். அதனால்தான் சொன்ன இடமும் வேகமும் ஒன்றுக்கொன்று பொருந்துகிறதா, ரேடாரில் அங்கே உண்மையிலேயே வண்டி தெரிகிறதா என்று செய்தியைப் பெறும் வண்டியே சரிபார்க்க வேண்டியிருக்கிறது.

அலைவரிசையும் கொஞ்சம்தான். வண்டிகளின் பேச்சுக்கென 1999-ல் ஒதுக்கிய 75 மெகாஹெர்ட்ஸில் 2020-ல் அமெரிக்க அலைவரிசை ஒழுங்குமுறை அமைப்பான எஃப்சிசி 30-ஐ மட்டும் விட்டுவைத்தது. கையெழுத்தும் சான்றிதழும் சேர்ந்து செய்தியின் அளவைக் கூட்டுகின்றன. வி2எக்ஸின் வைஃபை வழி முறையில், அலைவரிசை காலியாகும்வரை மற்றவர்களைப் போலக் காத்திருக்காமல் முந்திக்கொண்டு அனுப்பும் ஒரு வண்டி போதும், மற்றவர்களின் எச்சரிக்கை தாமதமாகும்.

பொய் சொன்ன வண்டியின் சான்றிதழை எப்படி ரத்து செய்கிறார்கள் என்று அடுத்த கட்டுரையில் எழுதுங்கள்.