சிவப்பு காலிப்பர் மாட்டினால் ஹைலக்ஸ் நிற்குமா?

அந்த வெள்ளை ஹைலக்ஸ் (டொயோட்டா பிக்கப்) வீடியோவை எல்லாரும் பார்த்துவிட்டீர்கள். பின்சக்கரத்து ட்ரம் பிரேக்கைக் கழற்றிப் போட்டுவிட்டு, சிவப்பு காலிப்பரோடு (தட்டைக் கவ்விப் பிடிக்கிற இடுக்கி) டிஸ்க் பிரேக் மாட்டி, பாட்டும் போட்டு எடுத்தது. அதன் கீழே நான் கேட்டது ஒரே கேள்வி: "தம்பி, ஹேண்ட் பிரேக்குக்கு என்ன வழி?" வந்த பதிலையும் பார்த்திருப்பீர்கள். "தாத்தா காலத்து போமனெல்லாம் ஒதுங்கிக்கங்க." போமன் என்றால் பட்டறை மெக்கானிக், அதாவது நான். எத்தனை சிரிப்புப் பொம்மைகள்! சரி, ஒதுங்கி நின்றே சொல்கிறேன்.

இங்கே பேராக், சுங்கை சிப்புட்டில் தோட்டத்துக்குள் ஓடும் ஹைலக்ஸ் சரியாக நிற்கவில்லை என்றால், காரணம் ட்ரம் இல்லை. ட்ரம்மை யாரும் திறந்து பார்க்காததுதான் காரணம். டிஸ்க்கைக் கவ்வுகிற பேட் தேய்ந்தால் சக்கரத்தின் இடுக்கு வழியாகவே தெரியும். ட்ரம்முக்குள் உரசுகிற ஷூ தேய்ந்தால் ட்ரம்மைக் கழற்றினால்தான் தெரியும். கழற்றுவதற்குச் சோம்பல், அவ்வளவுதான்.

செம்பனைக் குலை ஏற்றுகிறவர்கள் முதலில் என்ன செய்கிறார்கள்? பின்னால் கூடுதல் பட்டை ஸ்பிரிங் போடுகிறார்கள். வண்டியின் பின்பக்கம் தூக்கிக்கொள்கிறது. பல ஹைலக்ஸ்களில் பின் அச்சுக்கு மேலே சேஸியில் (வண்டியின் அடிச்சட்டத்தில்) ஒரு லோட் வால்வ் இருக்கும்; அதிலிருந்து ஒரு கம்பி அச்சுக்கு இறங்கும். பாரம் ஏறி வண்டி அமுங்கினால் அந்த வால்வ் பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டிவிடும். வெறும் வண்டியென்றால் குறைத்துவிடும், பின்சக்கரம் பூட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காக. கம்பியைச் சரிசெய்யாமல் ஸ்பிரிங்கை மட்டும் உயர்த்தினால், ஒரு டன் குலை ஏறியிருந்தாலும் வால்வ் "வண்டி காலி" என்றே நினைத்துக்கொள்ளும். முன் பிரேக் மட்டும் தனியாக மாரடிக்கும். பிறகு "ட்ரம் சரியில்லை அண்ணே" என்று வருவார்கள். அந்த ட்ரம்முக்கு அழுத்தமே போய்ச் சேரவில்லை, ஐயா!

இப்போது அதே வால்வை அப்படியே விட்டுவிட்டு டிஸ்க் மாட்டுங்கள். என்ன ஆகும்? ட்ரம் சுழலும்போது முன் ஷூவைத் தானே இழுத்து இறுக்கிக்கொள்ளும். கால் கொடுக்கிற அழுத்தத்தைவிடப் பிடிப்பு அதிகம் கிடைக்கும். அந்த வால்வின் கணக்கும் இதை வைத்துத்தான். டிஸ்க்குக்கு அந்தக் குணம் கிடையாது. பிஸ்டன் எவ்வளவு அழுத்துகிறதோ அவ்வளவுதான். அதனால்தான் காலிப்பர் பிஸ்டனைப் பெரிதாகச் செய்கிறார்கள். ட்ரம்முக்குள் ஷூவைத் தள்ளுகிற வீல் பம்ப் பிஸ்டனைவிட விட்டம் இரண்டு மடங்கு என்றால் பரப்பு நான்கு மடங்கு. அதை நிரப்ப, பெடலை மிதித்தால் வேலை செய்கிற மாஸ்டர் பம்ப் அவ்வளவு பிரேக் எண்ணெயைத் தள்ள வேண்டும். பழைய மாஸ்டர் பம்ப்பையே வைத்தால் பெடல் ஆழமாகப் போகும். பெரிய மாஸ்டர் பம்ப் போட்டால் பெடல் கல்லாகும். சில பழைய வண்டிகளில் ட்ரம்முக்காக லைனில் கொஞ்சம் அழுத்தம் தேக்கி வைக்கிற வால்வ் இருக்கும். அதை எடுக்காவிட்டால் பேட் டிஸ்க்கை விடாமல் உரசிக்கொண்டே ஓடும், சக்கரம் சூடேறும். வீடியோவில் இதில் ஏதாவது ஒன்று வந்ததா? பாட்டுத்தான் வந்தது.

ஹேண்ட் பிரேக்குக்கு வருகிறேன். குலை ஏற்றும் மேட்டில் வண்டியை நிறுத்துகிறோம். ஹேண்ட் பிரேக் கேபிள் ட்ரம்மில் இருக்கிற ஷூக்களைத்தான் விரிக்கும்; ஒரு ஷூ முன் உருளலுக்கு இறுகும், மற்றது பின் உருளலுக்கு இறுகும், அதனால் எந்தப் பக்கம் உருளப் பார்த்தாலும் பிடிக்கும். மாற்றி மாட்டுகிற டிஸ்க் செட்டை, அதாவது கிட் வாங்கினால் கேபிள் இழுக்கிற காலிப்பராக இருக்க வேண்டும், இல்லையென்றால் டிஸ்க்கின் நடுக்குடத்துக்குள் சின்ன ட்ரம் இருக்க வேண்டும். இரண்டும் இல்லாத கிட்டும் விற்கிறது. அதை மாட்டினால் சக்கரத்துக்குக் கல் வைக்க ஒரு பையனையும் சம்பளத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

"ஃபோர்டு ரேஞ்சர் ராப்டரில் கம்பெனியே பின்னால் டிஸ்க் போடுகிறதே?" போடுகிறது. மாஸ்டர் பம்ப், சக்கரம் பூட்டாமல் தடுக்கிற ஏபிஎஸ், ரிம், ஹேண்ட் பிரேக் எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்குப் போட்டுப் போடுகிறது. கம்பெனிதான் சாட்சி என்றால், ஃபோல்க்ஸ்வேகனின் ஐடி.4 மின்சாரக் கார் பின்னால் ட்ரம்மோடுதான் வருகிறது. அவர்களும் தாத்தா காலமா? "மின்சாரக் காரில் மோட்டாரே பாதி பிரேக் பிடிக்குமே" என்பீர்கள். உண்மைதான். ஆனால் பெயரைக் கேட்டதும் வாய் மூடிக்கொள்கிறது பாருங்கள்.

"கேமரன் மலையிலிருந்து பாரத்தோடு இறங்கினால் ட்ரம் சூடேறிப் பிடிப்பு போகிறதே?" போகும், இதை மறுக்க மாட்டேன். சூட்டில் ட்ரம் விரிந்து ஷூவை விட்டு விலகும், பெடல் கீழே இறங்கும். டிஸ்க் சீக்கிரம் ஆறும். தினமும் மலை இறங்குகிற வண்டி, முழுக் கணக்கோடு மாற்றுகிற பட்டறை, ஜேபிஜேயிலும் (சாலைப் போக்குவரத்து இலாகா) முன்கூட்டியே கேட்டாகிவிட்டது என்றால் மாற்றுங்கள், நான் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் இங்கே சுங்கை சிப்புட்டை அடுத்த லிந்தாங் பக்கம் மேடு பள்ளத்தில் ஓடுகிற வண்டிக்கு எந்தக் கேமரன் மலை? மலையிலும் கியரைக் குறைக்காமல் காலாலேயே இறங்கினால் டிஸ்க்கும்தான் வேகும். பழைய பிரேக் எண்ணெய் ஈரம் குடித்திருக்கும். டாட் 3 ரக எண்ணெய் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறினால் 140-லேயே கொதிக்கும். கொதித்தால் பெடல் பஞ்சாகிவிடும். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை எண்ணெய் மாற்றுகிறவர் எத்தனை பேர்?

சேறு என்பார்கள். சேறு ட்ரம்முக்குள் போகும், காயவும் நேரமாகும். டிஸ்க்கில் அதே செம்மண் பேட்டை அரைத்துத் தின்றுவிடும். போதும்.

டிஸ்க்குக்குச் சில ஆயிரம் வெள்ளியை எடுத்து வைப்பதற்கு முன் இதைச் செய்யுங்கள். ட்ரம்மில் இரண்டு மரை ஓட்டை இருக்கும். 8 மில்லி போல்ட்டை மாறி மாறி முடுக்கினால் தானே வெளியே வரும், சுத்தியல் வேண்டாம். தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள், நெஞ்சுக்கு ஆகாது, நனைத்துக் கழுவுங்கள். வீல் பம்ப் ரப்பரை லேசாகத் தூக்கிப் பாருங்கள், உள்ளே ஈரம் என்றால் மாற்றுங்கள். ஷூவில் கியர் எண்ணெய் வாடை அடித்தால் அச்சு சீல் போய்விட்டது. சீலை மாற்றாமல் புது ஷூ போடுவது காசுக்குக் கேடு. ட்ரம் மேலேயே அதிகபட்ச விட்டம் அடித்திருக்கும், அதைத் தாண்டியிருந்தால் கடைந்து ஸ்கிம் பண்ணாதீர்கள், தூக்கி எறியுங்கள். ஷூவை ட்ரம்முக்கு நெருக்கி வைக்கிற அட்ஜஸ்டரில் இடதையும் வலதையும் கலந்துவிடாதீர்கள், மரை எதிரெதிர். முதலில் அட்ஜஸ்டர், கடைசியில்தான் ஹேண்ட் பிரேக் கேபிள். இங்கேதான் முக்கால்வாசிப் பேர் தப்புப் பண்ணுகிறார்கள்: ஷூ தளர்ந்ததற்குக் கேபிளை முடுக்குகிறார்கள். உள்ளே இருக்கிற லீவர் பழைய இடத்துக்குத் திரும்பாது, தானாக இறுகுகிற வேலையே நின்றுவிடும். அப்புறம் பாரம் ஏற்றி, லோட் வால்வ் கம்பியைச் சரிசெய்து, மாஸ்டர் பம்ப்புக்குத் தூரத்துச் சக்கரத்திலிருந்து, அதாவது பின் இடதிலிருந்து, பிரேக் லைனில் இருக்கிற காற்றை எடுங்கள்.

இதற்கு அரை நாள் போதும். ஆனால் இந்த வேலையில் சிவப்புப் பெயின்ட் கிடையாது, வீடியோவும் எடுக்க முடியாது. கறுத்த கையைப் பார்த்து யார் லைக் போடுவார்கள்? தவுக்கேயும் (முதலாளி) பணம் கொடுக்கிறது மினுக்குகிற சாமானுக்குத்தான். ஷூ மாற்றச் சொன்னால் "அடுத்த மாசம்". வண்டி மேட்டில் உருண்டால் வழக்கு யார் மேல் வரும்? டிரைவர் மேல். கிட் விற்றவன் மேல் வராது, சிரிப்புப் பொம்மை போட்டவன் மேலும் வராது. நம் பையன்கள்தான் அந்த வண்டியை ஓட்டுகிறார்கள்.

தம்பி, நான் கேட்ட கேள்வி இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. கேபிள் எங்கே மாட்டியிருக்கிறது என்று ஒரு படம் போடுங்கள், பார்த்துவிட்டுப் பேசுகிறேன்.