“ஒண்ணுதானே, அடிச்சாச்சு!”

ராத்திரி சமையலறை லைட்டைப் போட்டதும் ஒரு கரப்பான் ஓடுது. அரை டப்பா ஸ்பிரேயைக் காலி பண்ணி, செத்ததைக் கூட்டித் தள்ளிட்டு, “ஒண்ணுதானே, அடிச்சாச்சு”ன்னு போய்ப் படுத்துடறாங்க. மூணு மாசம் கழிச்சு, “எங்கிருந்துதான் வருதோ!”ன்னு புலம்பல். எங்கிருந்தும் வரலைங்க. உங்க வீட்டுலயே பொறந்தது!

வீட்டுக்குள்ள பெருகுறதுல ரொம்ப மோசமானது ஜெர்மன் கரப்பான். நீளம் 12 முதல் 16 மி.மீ., வெளிர் பழுப்பு நிறம், தலைக்குப் பின்னாடி ரெண்டு கறுப்புக் கோடு. ஒரு முட்டைக்கூட்டுல 30, 40 முட்டை இருக்கும். பொரியப்போற நேரம் வரைக்கும் தாய் அதைப் பின்பக்கத்துல ஒட்டிக்கிட்டே திரியும். மேல அடிக்கிற மருந்தை அந்தக் கூட்டோட ஓடு உள்ள விடாது. பொரிஞ்ச குஞ்சு ஆறேழு தடவை தோல் உரிச்சு, கதகதப்பான இடமா இருந்தா ரெண்டு மூணு மாசத்துல முட்டை வைக்கத் தயாராயிடும்.

அந்தக் குஞ்சைப் போய் “ஏதோ சின்ன வண்டு”ன்னு விட்டுடறாங்களே, அதுதான் தாங்கலை. 3 மி.மீ., றெக்கை கிடையாது, கறுத்த உடம்பு, முதுகு நடுவுல வெளிறின பட்டை. வண்டே இல்லை அது. பெரிசு ஒண்ணு மட்டும்னா வெளியிலேர்ந்து அட்டைப்பெட்டியில ஏறி வந்திருக்கலாம். ஆனா குஞ்சுங்க திரும்பத் திரும்பக் கண்ணுல பட்டா, பக்கத்துலயே எங்கேயோ முட்டை பொரிஞ்சிருக்கு. வெள்ளையா ஒண்ணைப் பார்த்தா புது இனம்னு நினைக்காதீங்க. இப்பத்தான் தோல் உரிச்சிருக்கு, சில மணி நேரத்துல கறுத்துடும்.

டார்ச் எடுத்துப் பாருங்க: அலமாரிக் கீல், சிங்க் அடியில குழாய் நுழையுற ஓட்டை, ஃபிரிட்ஜ் பின்னாடி மோட்டார் பக்கம். மிளகுத்தூள் தூவின மாதிரி புள்ளிகள் இருந்தா அது எச்சம். உரிச்ச தோல், கால் அங்குலத்துக்குக் கொஞ்சம் கூடின பழுப்புக் கூடு, புழுங்கின நாத்தம் எல்லாமே அடையாளம்தான். பகல்லயே ஓடுதுன்னா ஒளிய இடம் பத்தாத அளவுக்குக் கூட்டம்.

பசை அட்டையை நட்டநடுத் தரையில போட்டுட்டு “ஒண்ணும் மாட்டலை”ங்கறாங்க. கரப்பான் சுவரோரமாத்தானே ஓடும்! ஓரத்தோட ஒட்டி ஏழெட்டு இடத்துல வைங்க, மூணு ராத்திரி விடுங்க. எதுல குஞ்சு அதிகமோ, அதுக்குப் பக்கத்துலதான் கூடாரம்.

அங்க ஜெல் வைக்கணும், அதாவது கரப்பான் வந்து தின்னுறதுக்குன்னே விஷம் கலந்த இரை. பெரிய உருண்டையா ஒரே இடத்துல அப்பாம, சின்னச் சின்னப் பொட்டா நிறைய இடத்துல. இதுல நடக்குற கொடுமை என்னன்னா, ஜெல் வெச்ச கையோட அது மேலயே ஸ்பிரே அடிக்கிறது! ஸ்பிரே நெடிக்குக் கரப்பான் ஜெல்லைத் தொடாது, சிதறி அடுத்த அறைக்குப் போயிடும். ஜெல் தின்னு செத்ததையும் அதோட எச்சத்தையும் குஞ்சுங்க தின்னும், அப்படித்தான் விஷம் ஒளிஞ்சிருக்கிறது வரைக்கும் போய்ச் சேரும். அந்த வழியை நீங்களே அடைச்சுட்டு “மருந்து சரியில்லை”ன்னா எப்படி?

கூட்டுக்குள்ள இருக்கிற முட்டை பொரிய மூணு நாலு வாரம் ஆகும். அப்ப வெளிய வர்றதுக்கும் தின்ன ஜெல் இருக்கணும். காஞ்சு போனதைச் சுரண்டிட்டுப் புதுசா வைங்க. அட்டையில ஒரு குஞ்சுகூட மாட்டாம ரெண்டு மாசம் போற வரைக்கும் அட்டையை எடுக்காதீங்க.