டெட்டோரிக்குக் கை போய்விட்டது என்கிறவர்களுக்கு

திருகோணமலையில் இங்கிலாந்து குதிரை ரேஸ் பார்க்கிற நாலு பேர் ஓரிடத்தில் சேர்ந்தால் இந்தக் கதை எப்படியும் வந்துவிடும். "பிராங்கி டெட்டோரி கடைசிக் காலத்தில் சும்மா பெயருக்குத்தான் ஓட்டினார், பழைய கை இல்லை." டெட்டோரி அங்கே பெரிய பெயர் எடுத்த ஜொக்கி, அதாவது ரேஸ் குதிரை ஓட்டுகிறவர். மனிசன் ஐம்பதைத் தாண்டிய நாளிலிருந்து இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கேட்கக் கேட்கக் கோபம்தான் வருகிறது. சொல்கிறவர்களில் பாதிப்பேர் புக்கியில் (பந்தயக் கடையில்) காசு கட்டித் தோற்ற சூட்டில் சொல்கிறார்கள். அந்தச் சூட்டோடு ஒரு ஜொக்கியை அளப்பது நியாயமே இல்லை.

இந்தக் கதை பெரிதாகக் கிளம்பியது 2022 ஜூனில், றோயல் அஸ்கொட் கோல்ட் கப் என்ற பெரிய ரேஸுக்குப் பிறகு. நாங்கள் பெற்றோல் வரிசையிலும் கரண்ட் கட்டிலும் கிடந்த மாதம் அது. ஸ்ட்ராடிவேரியஸ் அதே கப்பை 2018, 2019, 2020 என்று மூன்று வருடம் தொடர்ந்து வென்ற குதிரை. மூன்று முறையும் மேலே இருந்தது டெட்டோரி. 2022இல் அவர் குதிரையைப் பின்னால் பிடித்து வைத்தார். நேர்பாதைக்குத் திரும்பும்போது முன்னால் குதிரைகள் அடைத்து நின்றன. வெளிப்பக்கமாக இழுத்தெடுத்து விரட்டுவதற்குள் காலம் கடந்துவிட்டது. மூன்றாம் இடம். பயிற்சியாளர் ஜோன் கோஸ்டன் பகிரங்கமாகவே குறை சொன்னார். சில நாட்களில் இருவரும் பிரிந்தார்கள், கொஞ்ச நாளில் திரும்பவும் சேர்ந்துகொண்டார்கள்.

அது மோசமான ஓட்டம்தான், மறைக்க ஒன்றுமில்லை. நாலு கிலோமீட்டர் ஓட்டத்தில் எட்டு வயதுக் குதிரையை அவ்வளவு பின்னால் விட்டுவிட்டு, அன்று வென்ற நாலு வயதுக் குதிரை கைப்ரியோஸை எட்டிப் பிடிக்கலாம் என்று நினைத்தது பிழை. ஆனால் பிழையான முடிவு எடுப்பது வேறு, கை போவது வேறு. முப்பது வயது ஜொக்கிகளும் வழி அடைபட்டுத் தோற்கிறார்கள். அப்போது யாரும் வயதை இழுப்பதில்லையே! அடுத்த மாதம் குட்வுட் கப்பில் ஸ்ட்ராடிவேரியஸில் டெட்டோரிக்குப் பதிலாக ஆண்ட்ரியா அட்செனியை ஏற்றினார்கள். இருபது வயது இளையவர், நன்றாகவே ஓட்டினார். அப்போதும் கைப்ரியோஸ்தான் ஒரு கழுத்து வித்தியாசத்தில் முன்னால். இந்த ரேஸைப் பற்றி மட்டும் ஒருவரும் வாய் திறப்பதில்லை.

எங்கள் ஊர் ஏகாம்பரம் மைதானத்தில் பந்தடிக்கிற ஒருவர் நாற்பதைத் தாண்டினால் அவருடைய கால் காட்டிக் கொடுத்துவிடும். ஜொக்கிக்கு ஓடுகிற கால் குதிரையுடையது. அதற்காக உடம்பு வேண்டாம் என்றில்லை. ஐந்நூறு கிலோ மிருகத்தின் மேல், சேணத்தில் குந்தாமல், அங்கவடியில் கால் நுனியை ஊன்றி, முதுகை வளைத்தபடி நிற்பதற்குத் தொடையும் இடுப்பும் மூச்சும் வேண்டும். ஆனால் பெரிய ரேஸ்களை வெல்ல வைப்பது வேகத்தைக் கணக்குப் பார்க்கிற புத்திதான். முன்னால் போகிறவன் களைப்பானா, எந்த இடைவெளி திறக்கும், என் குதிரைக்கு இன்னும் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதையெல்லாம் ஓடிக்கொண்டே கணிக்க வேண்டும். அது ஓட ஓடத்தான் சேரும்.

சரி, உடம்பைப் பற்றியே பேசுவோம். 2023 ஒக்டோபரில் அஸ்கொட்டில் நடந்த சாம்பியன் ஸ்டேக்ஸைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். கிங் ஒஃப் ஸ்டீல் என்ற அந்தப் பெரிய குதிரை நேர்பாதை வருமுன்னமே பின்தங்கிவிட்டது. டெட்டோரி அப்போதே தள்ளத் தொடங்கிவிட்டார். பார்க்கிறவனுக்கு ரேஸ் முடிந்த மாதிரித்தான் தெரியும். அவர் விடவில்லை. வெளிப்பக்கம் எடுத்தார். அவர் கையும் குதிரையின் கழுத்தும் ஒரே தாளத்தில் போய் வருவதைக் கவனியுங்கள், ஓரிடத்தில்கூடப் பிசகவில்லை. முடிவுக் கோட்டுக்குக் கிட்ட வியா சிஸ்டினா என்ற குதிரையைப் பிடித்துத் தாண்டினார். அப்போது அவருக்கு வயது 52!

அந்த வருடம் தொடங்கிய விதமும் ஞாபகம் இருக்கட்டும். ஏப்ரலில் நியூபரியில் ஓட்டம் தொடங்குகிற கேட் திறந்த கையோடு சால்டியன் என்ற குதிரை அவரைக் கீழே போட்டது. இங்கேயும் சிலர் "முடிஞ்சுது" என்றார்கள். இரண்டு வாரத்தில் அதே குதிரையில் 2000 கினீஸ் என்ற பெரிய ரேஸை வென்றார். அப்புறம் சோல் சிஸ்டர் என்ற குதிரையில் ஓக்ஸ் ரேஸ், கரேஜ் மோன் அமி என்ற குதிரையில் அதே கோல்ட் கப்.

வயது மட்டும் கணக்கென்றால் பழைய இங்கிலாந்து ஜொக்கி லெஸ்டர் பிகொட்டை எங்கே வைப்பது? ஐந்து வருடம் விலகியிருந்து, 1990இல் 54 வயதில் திரும்பி வந்து, இரண்டு வாரம் ஆகுமுன் அமெரிக்காவில் றோயல் அகடமி என்ற குதிரையில் பிரீடர்ஸ் கப் மைல் ரேஸை வென்றார். அமெரிக்க ஜொக்கி பில் ஷூமேக்கர் கென்டக்கி டெர்பியை 1986இல் வென்றபோது அவருக்கும் 54. இன்னொரு அமெரிக்க ஜொக்கி மைக் ஸ்மித் 52 வயதில் ஜஸ்டிஃபை என்ற குதிரையில் ட்ரிபிள் கிரவுன், அதாவது அங்கத்தைய மூன்று பெரிய ரேஸ்களையும் ஒரே வருடத்தில் எடுத்தார்.

வயதான ஜொக்கிக்கு முதலில் குறைவது ஏறக் கிடைக்கிற குதிரைதான் என்பது என் அபிப்பிராயம். பெரிய லாயங்கள் நீண்டகாலக் கணக்குப் போட்டு இளையவர்களைப் பிடித்து வைக்கும். அவரும் நாளாந்தச் சின்ன ரேஸ்களுக்காக ஊர் ஊராக அலைய மாட்டார். 1994இல் ஒரே வருடத்தில் இருநூறுக்கு மேல் வென்றவருக்குப் பிற்காலத்தில் எண்ணிக்கை விழுந்ததென்றால், ஏறிய தடவையே குறைந்துவிட்டது. அதைத் தூக்கிக் காட்டித் திறமை போச்சு என்பது கணக்குத் தெரியாத பேச்சு.

உண்மையிலேயே கை போகிற ஜொக்கியைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. கேட் திறந்ததும் ஒவ்வொரு தரமும் பிந்துவார். உள்ளே இடைவெளி தெரிந்தும் நுழையப் பயந்து வெளியால் சுற்றுவார். கடைசி 200 மீட்டரில் உடம்பு குதிரையோடு ஒட்டாமல் தனியாகத் துள்ளும். ஐம்பதுக்குப் பிறகு டெட்டோரி ஓட்டிய ரேஸ்களில் இதைத் திரும்பத் திரும்பக் கண்டவர்கள், ரேஸின் பெயரையும் வருடத்தையும் கீழே எழுதுங்கள். வீடியோவைப் போட்டுப் பார்த்தே கதைப்போம். 2022 கோல்ட் கப்பை மட்டும் எழுத வேண்டாம், அதுதான் மேலேயே இருக்கிறதே.