கூரை முதலில், விமானம் பிறகு

போர் விமான அருங்காட்சியகம் ஒன்று இடம் மாறப்போகிறது என்ற செய்தி வந்ததும் பேச்சு முழுவதும் புதிய கட்டடத்தைப் பற்றியே நடக்கிறது. எத்தனை வாகனங்கள் நிற்கும், நெடுஞ்சாலையிலிருந்து எவ்வளவு தொலைவு, திறப்பு விழா எப்போது என்றெல்லாம் கேட்கிறோம்; விமானங்களோ வீடு மாறும்போது லாரியில் ஏறும் கட்டில், பீரோவைப் போல எப்படியும் வந்து சேர்ந்துவிடும் என்று நினைத்துக்கொள்கிறோம். ஒரு விமான அருங்காட்சியகத்தின் பராமரிப்புப் பணியில் சில ஆண்டுகள் தன்னார்வலனாகக் கைகொடுத்தவன் என்ற முறையில் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுத விரும்புகிறேன். போரில் பிழைத்து, அதன்பின் உருக்காலைக்கும் தப்பி வந்த ஒரு விமானம் மீண்டும் அழிவுக்கு மிக அருகில் போய் நிற்பது இடமாற்றத்தின்போதுதான் என்பது என் உறுதியான கருத்து.

இரண்டாம் உலகப் போர்க் காலத்து லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானத்தின் இறக்கைகள் நுனிக்கு நுனி ஏறத்தாழ 31 மீட்டர். அதை அப்படியே சாலையில் கொண்டுசெல்ல வழியில்லை என்பதால் பிரித்துத்தான் ஆக வேண்டும். பிரிக்கும்படியாகத்தான் அதைச் செய்திருந்தார்கள்; ஆனால் சில ஆண்டுகள் பறந்தால் போதும் என்ற கணக்கில் செய்தவர்கள், எண்பது ஆண்டுகள் கழித்து யாரோ ஒருவர் அதே இணைப்பில் போல்ட்டைக் கழற்றும் திருகுசாவியை வைப்பார் என்று எண்ணியிருக்க மாட்டார்கள். எஃகு போல்ட்டும் அலுமினியக் கலவையும் ஈரக்காற்றில் பல்லாண்டுகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடியாகப் பூத்து, போல்ட்டை நாலாபுறமும் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும்.

நான் பார்த்த ஒரு பணியில் இறக்கையை உடலோடு இணைத்த ஒரே ஒரு போல்ட்டுக்கு ஐந்து நாட்கள் ஆயின. காலையில் ஊடுருவும் எண்ணெயை விட்டு, மாலையில் சாவியை வைத்துப் பார்ப்போம், அசையாது. மறுபடி எண்ணெய், மறுபடி காத்திருப்பு. பொறுமையிழந்த இளைஞர்கள் சுத்தியலை எடுத்தபோது அங்கிருந்த மூத்த மெக்கானிக் அதைத் தொடவே விடவில்லை. ஓங்கி ஓர் அடி விழுந்தால் போல்ட் வெளியே வந்துவிடலாம், ஆனால் துளை நீள்வட்டமாகிவிடும், பிறகு அந்த இறக்கை பழைய இடத்தில் ஒருபோதும் சரியாக உட்காராது என்றார். ஐந்தாம் நாள் அது கால் சுற்று அசைந்தது. முழுவதுமாக வெளியே வந்தபின் அதைத் துடைத்து, ஒரு துணிப்பையில் போட்டு, சிறிய அட்டையில் 'இடது இறக்கை, முன் தாங்கி, மேல்' என்று தம் கையாலேயே எழுதிக் கட்டினார்.

காலக்கெடு நெருக்கினால் அந்த ஐந்து நாட்கள் கிடைக்காது. அப்போது ரம்பம் வருகிறது. இறக்கையின் முதுகெலும்பாகிய நெடுந்தாங்கியை அறுத்து எடுத்துச்சென்று, சேர்ந்த இடத்தில் தகடு வைத்து ஒட்டி, வண்ணம் பூசிவிட்டால் பார்வையாளருக்குத் தெரியாது என்பது உண்மைதான். ஆனால் அந்த விமானம் எப்படித் தன் எடையைத் தாங்கியது என்பதைச் சொல்லும் உறுப்பே அறுபட்ட பிறகு, எஞ்சுவது அதன் தோற்றம் மட்டுமே. முக்கோண இறக்கை கொண்ட பிரிட்டனின் வல்கன் குண்டுவீச்சு விமானம் போன்றவற்றை வெட்டாமல் சாலை வழியே நகர்த்துவது ஏறக்குறைய இயலாத காரியம். 1982 ஃபாக்லாந்து போரின் நெடுந்தொலைவுத் தாக்குதல்களுக்காக மாற்றியமைக்கப்பட்ட வல்கன்களில் ஒன்று பிளாக்பூல் விமான நிலையத்தில் பல ஆண்டுகள் கடற்காற்றில் நின்று அரித்துப்போய், 2006இல் உடைக்கப்பட்டது. உரிய காலத்தில் ஒரு கூரை கிடைக்காத விமானத்துக்கு நேர்வது இதுதான்.

வேறு ஆபத்துகளும் உண்டு. பழைய கருவி முகப்புகளில் இருளில் ஒளிர்வதற்காக ரேடியம் பூசியிருப்பார்கள். ஜெட் விமானங்களில் விமானியை வெளியே தூக்கி எறியும் இருக்கைகளில் வெடிமருந்துத் தோட்டா இருக்கும். சில பாகங்களில் கல்நார் இருக்கும். இவற்றையெல்லாம் பயிற்சி பெற்றவர்கள் முன்கூட்டியே சோதித்துச் சான்றளித்த பிறகுதான் மற்றவர்கள் கைவைக்க வேண்டும்.

ஆயினும் என்னை அதிகம் கவலைப்பட வைப்பது பிரிப்பதும் ஏற்றுவதும் அல்ல. பழைய இடத்தை விட்ட பிறகு புதிய இடம் தயாராகும் வரையுள்ள இடைக்காலம்தான். கனடாவின் டொரன்டோவில், டவுன்ஸ்வியூ பகுதியில் டி ஹாவிலண்ட் நிறுவனத்தின் பழைய தொழிற்சாலைக் கட்டடத்தில் இயங்கிவந்த விமான அருங்காட்சியகத்துக்கு 2011இல் வெளியேறும்படி அறிவிப்பு வந்தது. அங்கே ஒரு லங்காஸ்டர் இருந்தது. ஏற்கெனவே முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஏரிக்கரையில் ஒரு பீடத்தின்மீது வெயிலிலும் பனியிலும் நின்றுவிட்டு, மெல்ல மெல்லச் சீரமைக்கப்பட்டுக்கொண்டிருந்த விமானம் அது. அதன் பாகங்கள் கிடங்குக்குப் போயின. 2018இல்தான் நாட்டின் மறுகோடியிலுள்ள பிரிட்டிஷ் கொலம்பியாவின் அருங்காட்சியகத்துக்கு அதை அளிப்பதென்று முடிவாயிற்று. டொரன்டோவின் அந்தப் பழைய கூரையின்கீழ், கனடாவின் ஏரோ என்ற போர் ஜெட் விமானத்துக்குத் தன்னார்வலர்கள் அசல் அளவிலேயே உருவாக்கிய மாதிரியும் இருந்தது. ஏரோ திட்டம் 1959இல் கைவிடப்பட்டபோது கட்டி முடித்த விமானங்கள் அனைத்தும் அரசின் ஆணைப்படி வெட்டித் துண்டாக்கப்பட்டன. அந்த இழப்பை ஈடுசெய்ய மக்கள் தம் கையால் செய்த மாதிரியும் பிரிக்கப்பட்டுப் பல ஆண்டுகள் கிடங்கில் கிடந்ததை நினைத்தால் இன்றும் மனம் வலிக்கிறது.

ஹிரோஷிமாமீது அணுகுண்டு வீசிய எனோலா கே விமானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்கு உரிமையான பிறகும், 1950களில் ஆண்ட்ரூஸ் விமானத் தளத்தில் திறந்தவெளியில் நின்றது. பறவைகள் கூடுகட்டின, நினைவுப்பொருள் தேடியவர்கள் உள்ளே புகுந்து கிடைத்ததைக் கழற்றிச் சென்றார்கள். பிறகு பிரித்துக் கிடங்கில் வைத்தார்கள். 1984இல் தொடங்கிய சீரமைப்பு நீண்டு, அதன் உடலும் இறக்கைகளும் மீண்டும் ஒன்றுசேர்ந்து முழு விமானமாக நின்றது 2003இல். அந்த விமானம் செய்த செயலைப் பற்றி நமக்குள் எத்தனை கருத்து வேறுபாடுகள் இருந்தாலும், அதன்முன் நின்று அந்தப் பேரழிவை நினைத்துப் பார்க்க ஒரு சாட்சியம் வேண்டும் அல்லவா? உலகின் மிகப் பெரிய அருங்காட்சியக நிறுவனங்களில் ஒன்றுக்கே நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது என்றால், நன்கொடையை நம்பி நடக்கும் ஒரு சிறிய அருங்காட்சியகம் 'தற்காலிகக் கிடங்கு' என்று சொல்லும்போது அந்தத் தற்காலிகம் எவ்வளவு நீளும் என்று கேட்க நமக்கு உரிமை இருக்கிறது.

இதனால் இடமாற்றமே கூடாது என்று நான் சொல்வதாக எண்ண வேண்டாம். மெம்ஃபிஸ் பெல் என்ற பி-17 குண்டுவீச்சு விமானம் தன் பெயருக்குரிய நகரத்தில் பல ஆண்டுகள் திறந்தவெளியில் சிதைந்து, 2005இல் டேட்டனிலுள்ள அமெரிக்க விமானப்படை அருங்காட்சியகத்துக்குப் போனபோது மெம்ஃபிஸ் மக்களுக்கு அது பெரிய இழப்பாகவே இருந்திருக்கும். ஆனால் 2018இல் அது மீண்டு நின்ற நிலையைப் பார்த்தால், போனதே நல்லது என்றுதான் சொல்ல வேண்டும். அதே டேட்டனில், இரண்டே இரண்டு செய்யப்பட்டு இப்போது ஒன்று மட்டுமே எஞ்சியிருக்கும் எக்ஸ்பி-70 வால்கரி விமானத்தைப் புதிய கட்டடத்துக்கு மாற்றினார்கள். எழும்பி நின்ற கட்டடத்துக்குள் 2015 அக்டோபரில் விமானத்தைப் பிரிக்காமல் அப்படியே இழுத்துச் சென்று நிறுத்தினார்கள். மக்களுக்குக் கதவு திறந்தது 2016இல். என் மனத்திலுள்ள முறை இதுதான்.

பறக்கும் நிலையில் உள்ளவற்றை ஓட்டியே கொண்டுபோய்விடலாமே என்று சிலர் கேட்கிறார்கள். பல பிரதிகள் எஞ்சியிருக்கும் வகையென்றால் அதை நான் எதிர்க்க மாட்டேன். ஒன்றே ஒன்று எஞ்சியிருப்பது என்றால், எத்தனை நல்ல விமானி கிடைத்தாலும் வேண்டாம் என்பேன். 2022 நவம்பரில் டல்லஸ் நகரில் நடந்த விமானக் காட்சியில் ஒரு பி-17உம் ஒரு பி-63 போர் விமானமும் வானில் மோதியதில் ஆறு பேர் உயிரிழந்தார்கள். பல பிரதிகள் உள்ள விமானம் போனால் இன்னொன்றைத் தேடலாம். அந்த ஆறு பேரை எங்கே தேடுவது?

1939இல் போலந்தைக் காக்கப் பறந்த பி.11சி போர் விமானங்களில் இன்று உலகில் எஞ்சியிருப்பது ஒன்றுதான். ஜெர்மானியர் அதைக் கைப்பற்றி, பெர்லினிலிருந்த தங்கள் விமான அருங்காட்சியகத்தில் வெற்றிச்சின்னமாக வைத்தார்கள். 1943இல் பெர்லின்மீது குண்டுகள் விழுந்து அந்த அருங்காட்சியகம் சிதைந்தபோது, எஞ்சியவற்றில் ஒரு பகுதியைக் கிழக்கே அனுப்பினார்கள். போர் முடிந்தபோது அவை போலந்து மண்ணில் இருந்தன. இன்று அவை கிராகோ நகரின் அருங்காட்சியகத்தில் உள்ளன. அந்த அவசர இடமாற்றம் நடக்காமல் இருந்திருந்தால் பி.11சியை நாம் படத்தில் மட்டுமே பார்த்திருப்போம். ஆனால் அதே தொகுப்பைச் சேர்ந்த சில விமானங்கள் அங்கே இறக்கையில்லாத வெறும் உடல்களாகத்தான் இருக்கின்றன.

போர்க்காலத்தில் அப்படி நேர்ந்ததைப் புரிந்துகொள்ள முடிகிறது. அமைதிக்காலத்தில், நிலத்தின் விலை ஏறிவிட்டது என்பதற்காகவோ குத்தகை முடிந்துவிட்டது என்பதற்காகவோ அப்படி நேர்வதை என்னால் ஏற்க முடியவில்லை. புதிய கட்டடத்தின் கூரை மூடி, ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்தும் ஏற்பாடு இயங்கத் தொடங்கிய பிறகே பழைய இடத்தில் முதல் போல்ட்டில் சாவி வைக்கப்பட வேண்டும். வெளியேறும் தேதியை விமானங்களின் நிலை முடிவுசெய்ய வேண்டும். அதோடு, அந்த விமானங்களை அறிந்தவர்களையும் கூட அழைத்துச்செல்ல வேண்டும். நூறு கிலோமீட்டர் தள்ளிப் போனால் முதிய தன்னார்வலர்களில் பாதிப் பேர் வர முடியாது. எந்த எஞ்சின் எந்த ஆண்டு மாற்றப்பட்டது, எந்தத் தகடு அசல், எது பிற்காலத்தில் ஒட்டியது என்பது பதிவேட்டில் இருப்பதைவிட அவர்கள் நினைவில்தான் அதிகம் இருக்கிறது. இடமாற்ற நிதியில் அவர்களுடைய பயணத்துக்கும் தங்குமிடத்துக்கும் ஒரு தொகை ஒதுக்குங்கள், கிளம்பும் முன் அவர்கள் சொல்வதை உட்கார்ந்து எழுதிக்கொள்ளுங்கள் என்று நான் ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்டிருக்கிறேன், இனியும் கேட்பேன்.

அந்த மூத்த மெக்கானிக் கட்டிய துணிப்பைகள் அன்று மொத்தம் ஒரு மேசை நிறைய இருந்தன. அடுத்த முறை ஓர் இடமாற்றத் திட்டம் என் கைக்கு வரும்போது, கட்டடத்தின் வரைபடத்தைப் பார்ப்பதற்கு முன் அந்தப் பைகள் எந்த லாரியில், யார் பொறுப்பில் போகின்றன என்ற பக்கத்தைத்தான் தேடிப் பார்ப்பேன்.