எழுத்துக்கு 15 ரூபாய்

(ஒரு பல்கலைக்கழக மைதானத்தின் வாசல். வேப்பமரத்தில் எட்டடிக்கு நாலடித் தகரப் பலகை சாய்ந்திருக்கிறது, பச்சைப் பூச்சு காய்ந்து தயாராக. எதிரே முக்காலியில் பெயிண்டர், ஐம்பதைத் தாண்டியவர், காதில் தூரிகை. பக்கத்தில் வில்வித்தைக் கழகத்தின் பொருளாளர், எம்.ஏ. தமிழ் இரண்டாமாண்டு, கையில் இரண்டு தாள், கக்கத்தில் பணப்பை. மணி மூன்றரை. பயிற்சி நாலரைக்கு.)

பெயிண்டர்: ஃப்ளெக்ஸ் அடிக்காமல் பெயிண்டில் எழுதக் கூப்பிட்டீர்களே, அதற்கே உங்களுக்குப் புண்ணியம் உண்டும்மா.

பொருளாளர்: போன வருடம் ஃப்ளெக்ஸ்தான் அண்ணே. ஒரு மழைக்கு அப்புறம் காணோம். தேடினால் வாட்ச்மேன் வீட்டுக் கூரையில் இருக்கிறது. படுத்து மேலே பார்த்தால் பாதுகாப்பு விதிகள். இந்தப் பல்கலைக்கழகத்திலேயே அவற்றை முழுக்க மனப்பாடம் செய்தவர் அவர் ஒருவர்தான்.

பெயிண்டர்: சரி, ரேட்டைப் பேசிவிடுவோம். எழுத்துக்கு 15 ரூபாய். உயரம் இரண்டு அங்குலம். நாலு அங்குலம் என்றால் இரட்டைக் கூலி.

பொருளாளர்: இரண்டே போதும். வாசலில் நின்று கிட்டத்தில்தானே படிக்கப் போகிறார்கள். மொத்தம் 3,000 ரூபாய்தான் இருக்கிறது.

பெயிண்டர்: அப்போது 200 எழுத்து. பலகைக்குக் கால் நடுவதற்குப் பையனை அனுப்பிவிட்டேன். எல்லார் பார்வையும் படுகிற இடமாகப் பார்த்துக் குழி தோண்டச் சொல்லியிருக்கிறேன். முதல் விதியைச் சொல்லும்மா.

பொருளாளர்: "விசில் ஒலிக்கும் முன் அம்பை நாணில் பூட்ட கூடாது."

பெயிண்டர்: (விரல் விட்டு எண்ணுகிறார்) 23. முந்நூற்று நாற்பத்தைந்து ரூபாய்.

பொருளாளர்: தாளில் 22தானே இருக்கிறது?

பெயிண்டர்: "பூட்டக் கூடாது." க் வரும். ஒற்று மிகும்.

பொருளாளர்: எழுதியது எங்கள் கேப்டன். மெக்கானிக்கல். அவனுக்கும் ஒற்றுக்கும் பிறவிப் பகை.

பெயிண்டர்: நீ தமிழ்தானே படிக்கிறாய்? மிகுமா, மிகாதா?

பொருளாளர்: தமிழ் மாணவியாகக் கேட்டால் மிகும். பொருளாளராகக் கேட்டால் மிகாது.

பெயிண்டர்: என் கையால் ஒற்றுப் பிழையோடு ஒரு பலகை ஊரில் நிற்காது. அது மட்டும் நடக்காது.

பொருளாளர்: சரி, போடுங்கள். ஆனால் ஒற்றைக் கணக்கில் சேர்க்காதீர்கள். கட்டளைக் கலித்துறை என்ற பாட்டு வகையில் ஒற்றை நீக்கித்தான் எழுத்தை எண்ணுவார்கள். நேரசையில் தொடங்கினால் அடிக்கு 16, நிரையசையில் தொடங்கினால் 17. "விசில்" நிரை. இந்த வரியில் ஒற்று நீக்கினால் 15. இரண்டுதான் குறைகிறது.

பெயிண்டர்: சேர்த்துவிடவா? முப்பது ரூபாய்தான்.

பொருளாளர்: ஐயோ, வேண்டாம்!

பெயிண்டர்: நியாயமாகப் பார்த்தால் ஒற்றுக்குத்தான் கூலி அதிகம் கேட்க வேண்டும். எழுத்தையும் எழுதி, அதன் தலையில் புள்ளியும் வைக்கிறேன் இல்லையா?

பொருளாளர்: மெய்யெழுத்துக்கு மாத்திரை அரைதான் அண்ணே. அதனால் கூலியும் பாதி.

பெயிண்டர்: ஓ. அப்படியானால் நெடிலுக்கு இரண்டு மாத்திரை. கூலியும் இரண்டு மடங்கு. "கூடாது" என்பதில் கூ, டா, இரண்டும் நெடில். உன் தாளில் வரிக்கு வரி கூடாது கூடாது என்றுதான் இருக்கிறது. வசதி எப்படி?

பொருளாளர்: (தாளைப் பார்த்துவிட்டு) எல்லா எழுத்துக்கும் ஒரே கூலி என்பதே நல்ல முறை.

பெயிண்டர்: அதுதான் நானும் சொல்கிறேன். ஆமாம், அது என்ன விசில்?

பொருளாளர்: இரண்டு முறை ஊதினால் எய்கிறவர்கள் கோட்டுக்கு வர வேண்டும். 10 விநாடி கழித்து ஒன்று. அப்போதுதான் அம்பைப் பூட்டி எய்ய வேண்டும். மூன்று ஊதினால் போய் அம்பை எடுக்கலாம்.

பெயிண்டர்: முதலில் இரண்டு, அப்புறம் ஒன்று, அதற்குப் பிறகு மூன்றா? எண்ணத் தெரியாதவர் யாரோ வைத்த சட்டம்.

பொருளாளர்: உலக வில்வித்தைக் கூட்டமைப்பு வைத்தது அண்ணே. எல்லா நாட்டிலும் இதுதான். ஐந்தோ அதற்கு மேலோ தொடர்ந்து ஊதினால் ஏதோ ஆபத்து. இழுத்த நாணைக்கூட விடாமல் மெதுவாக இறக்கிவிட வேண்டும்.

பெயிண்டர்: குக்கர் மாதிரி. பருப்புக்கு மூன்று, கொண்டைக்கடலைக்கு ஐந்து. இதற்குப் போய் இவ்வளவு நீளமா? "2 வா, 1 எய், 3 எடு, 5 நில்." முடிந்தது. எண்ணையும் சேர்த்துப் பதினொன்று. 165 ரூபாய்.

பொருளாளர்: (அசந்துபோய்) அண்ணே, நீங்கள் எங்கள் துறைக்கே வந்திருக்கலாம்.

பெயிண்டர்: அடுத்தது.

பொருளாளர்: "அம்பு இல்லாமல் நாணை இழுத்து விடக் கூடாது."

பெயிண்டர்: இதை அடித்துவிடு. அம்பே இல்லை, யாருக்கு என்ன ஆபத்து? என்னைக் கேட்டால் அம்பு இல்லாமல் விளையாடுவதுதான் பாதுகாப்பு.

பொருளாளர்: புதிதாக வருகிறவர்கள் எல்லாருமே இப்படித்தான் நினைக்கிறார்கள். வில்லைக் கையில் கொடுத்தவுடன் முதல் வேலையாக டொங்கென்று இழுத்து விடுவார்கள். இழுக்கும்போது வில்லில் ஏறும் விசையை அம்புதான் வாங்கிக்கொண்டு போகிறது. அம்பு இல்லாவிட்டால் அது எங்கே போகும்? வில்லுக்கே திரும்பிவிடும். வில்லின் வளைகிற கைப்பகுதி விரிசல் விடும், சில சமயம் முகத்துக்கு நேரே தெறிக்கும். கப்பி வைத்த காம்பவுண்ட் வில் என்றால் நாண் கழன்று இன்னும் மோசம்.

பெயிண்டர்: (தூரிகையை இறக்கிவிட்டு) புரிகிறது. ஒருமுறை இருபது லிட்டர் டின் நிறைய இருக்கிறது என்று நினைத்து, மூச்சைப் பிடித்து ஒரே தூக்காகத் தூக்கினேன். காலி டின். அப்படியே மல்லாந்து விழுந்தேன். பத்து நாள் எண்ணெய்க் கட்டு. நிறைந்த டின்னால் எனக்கு இதுவரை ஒன்றும் ஆனதில்லை.

பொருளாளர்: அதேதான் அண்ணே. "வெறும் நாண் விடாதே" என்று போட்டுவிடுவோம். அடுத்தது, "வில்லை வானம் பார்த்து இழுக்காதே".

பெயிண்டர்: ஏன்? விஜயதசமிக்கு எங்கள் ஊர்க் கோயிலில் நாலு திசையும் அம்பு போடுவார்கள். கூட்டம் முண்டியடித்துக்கொண்டு பொறுக்கும். எங்கள் வீட்டில் இரண்டு இருக்கிறது, பூஜையறையில்.

பொருளாளர்: அது குச்சி அண்ணே. இது கார்பன். ஒலிம்பிக்கில் விடுகிற அம்பு மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் போகும். கையை உயர்த்தி இழுக்கும்போது விரல் நழுவினால், டார்கெட்டுக்குப் பின்னால் இருக்கிற மண்மேட்டையும் தாண்டிப் போய்விடும். அந்தப் பக்கம் விடுதி மொட்டைமாடி. விஜயதசமிக்கு விழுந்தால் பிரசாதம். இங்கே விழுந்தால் கேஸ்.

பெயிண்டர்: எழுதிக்கொள்கிறேன்.

பொருளாளர்: "முடி, துப்பட்டா, சங்கிலி எதுவும் தொங்கக் கூடாது." நாண் திரும்பும் வழியில் எது இருந்தாலும் அதையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். போன மாதம் என் சட்டைப் பையில் இருந்த பேனா நாணில் மாட்டி எங்கேயோ பறந்தது. மை பேனா. பக்கத்தில் நின்றவன் வெள்ளைச் சட்டை.

பெயிண்டர்: உன் கழுத்திலேயே ஏதோ தொங்குகிறதே?

பொருளாளர்: அடையாள அட்டை. எப்போதும் கழுத்தில் தொங்க வேண்டும் என்பது பல்கலைக்கழக விதி. எதுவும் தொங்கக் கூடாது என்பது எங்கள் விதி. போட்டால் நாண் இழுக்கும், போடாவிட்டால் செக்யூரிட்டி இழுப்பார்.

பெயிண்டர்: பின்பக்கம் தள்ளிவிட்டால் போச்சு. முதுகும் கழுத்தோடு சேர்ந்ததுதானே.

(பொருளாளர் அட்டையை முதுகுப் பக்கம் தள்ளிப் பார்க்கிறார். மூன்று கமிட்டிக் கூட்டங்களில் தீராத விஷயம் இது.)

பொருளாளர்: "எய்யாத அம்பு அம்பறாத்தூணியிலேயே இருக்க வேண்டும்." அம்பறாத்தூணி ஏழெழுத்து... வேண்டாம், குவிவர் என்றே போடுங்கள். பசங்களும் அப்படித்தான் சொல்கிறார்கள். 45 ரூபாய் மிச்சம்.

பெயிண்டர்: தமிழை 45 ரூபாய்க்கு விற்றுவிட்டாய்.

பொருளாளர்: (கண்ணை மூடிக்கொண்டு) அம்பறாத்தூணி என்றே எழுதுங்கள்.

பெயிண்டர்: நல்ல பிள்ளை. அடுத்தது?

பொருளாளர்: "வில்லைக் கையால் மட்டுமே பிடிக்க வேண்டும்." இதுவும் கேப்டன் எழுதியதுதான். யாரோ காலால் பிடித்து விளையாடினார்களாம்.

பெயிண்டர்: இதை எழுத மாட்டேன்.

பொருளாளர்: 19 எழுத்து அண்ணே. 285 ரூபாய்.

பெயிண்டர்: போகட்டும். ஜம்முவில் ஒரு பெண் இருக்கிறாளே, பிறவியிலேயே இரண்டு கையும் கிடையாது. காலால் வில்லைத் தூக்கிப் பிடித்து, தோளாலும் தாடையாலும் நாணை இழுத்து விடுகிறாள். டிவியில் பார்த்துக்கொண்டே ஆறிப்போன டீயைக் குடித்தேன்.

பொருளாளர்: ஷீத்தல் தேவி! 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் ராகேஷ் குமாரோடு சேர்ந்து வெண்கலம். அப்போது வயது 17.

பெயிண்டர்: அந்தப் பெண் நாளைக்கு இந்த வாசலுக்கு வந்து இந்த வரியைப் படித்தால் எனக்கு என்ன மரியாதை?

பொருளாளர்: (அடித்துவிட்டு) கேப்டனிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

பெயிண்டர்: ஒலிம்பிக்கில் எத்தனை வாங்கியிருக்கிறோம்?

பொருளாளர்: வில்வித்தையில் இன்னும் ஒன்றும் இல்லை. அதே 2024இல் கலப்பு அணியில் தீரஜும் அங்கிதாவும் நாலாம் இடம் வரை வந்தார்கள்.

பெயிண்டர்: நாலாவது இடம்தான் ரொம்ப வலிக்கும். அப்புறம்?

பொருளாளர்: "அம்பு எடுக்க ஓடாதே." தைத்த அம்பின் பின்முனை நம்மைப் பார்த்துத்தான் நீட்டிக்கொண்டிருக்கும். ஓடி வந்து தடுக்கினால் நேரே கண். பிடுங்கும்போதும் ஒருவர்தான் பிடுங்க வேண்டும், பின்னால் யாரும் நிற்கக் கூடாது. சட்டென்று வரும், முழங்கையோடு.

பெயிண்டர்: சுவரில் ஆணி பிடுங்குகிற மாதிரி. சரி.

பொருளாளர்: கடைசிக்கு முந்தியது. குறி தவறிய அம்பைத் தேடி டார்கெட்டுக்குப் பின்னால் புல்லுக்குள் போகிறவர், தன் வில்லை டார்கெட்டின் முன்பக்கம் சாய்த்து வைத்துவிட்டுப் போக வேண்டும். வில்லைப் பார்த்தால் பின்னால் ஆள் இருக்கிறது என்று இந்தப் பக்கம் தெரியும். யாரும் எய்ய மாட்டார்கள்.

பெயிண்டர்: (கொஞ்ச நேரம் பேசவில்லை) என் மச்சான் லைன்மேன். கம்பத்தில் ஏறுவதற்கு முன்னால் ஃப்யூஸ் கட்டையைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொள்வான். கீழே ஆயிரம் பேர் நின்று கத்தினாலும் கட்டையைக் கொடுக்க மாட்டான். இறங்கி வந்து அவன் கையால்தான் போடுவான். இதுவும் அதுவும் ஒன்று. இந்த வரியில் ஒற்றுக்குக் காசு வேண்டாம்.

பொருளாளர்: அண்ணே!

பெயிண்டர்: கடைசி என்ன?

பொருளாளர்: "கோட்டைத் தாண்டாதே."

பெயிண்டர்: எந்தக் கோட்டை? செஞ்சியா, வேலூரா?

பொருளாளர்: எய்கிற கோடு அண்ணே. எட்டே எழுத்து. அம்பு கை தவறி முன்னால் விழுந்தால்கூட, நின்ற இடத்திலிருந்து வில்லால் எட்டி இழுக்க முடிந்தால் எடுக்கலாம், இல்லாவிட்டால் மூன்று விசில் வரும்வரை அப்படியே கிடக்கட்டும். எல்லாவற்றிலும் முக்கியமானது இதுதான். கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு ஆள் இருந்தாலும் ஒருவரும் எய்ய முடியாது.

பெயிண்டர்: அப்படியானால் சிவப்பில் எழுதுகிறேன். மொத்தம் எவ்வளவு வந்தது?

பொருளாளர்: (கூட்டுகிறார்) 231. முப்பத்தொன்று அதிகம். எந்த விதியை எடுக்க?

பெயிண்டர்: ஒன்றையும் எடுக்கக் கூடாது. எடுத்ததற்கு அப்புறம் அதுதான் நடக்கும். எல்லா வரியிலும் ஒற்றைத் தள்ளிவிட்டு எண்ணு. உன் கலித்துறைப்படியே இருக்கட்டும்.

பொருளாளர்: 158! 2,370 ரூபாய். அண்ணே, 630 மிச்சம்! புது விசில் வாங்கலாம், விரலுறை வாங்கலாம்...

(மணி நாலரை. தோளில் வில்லோடு மாணவர்கள் வரத் தொடங்குகிறார்கள். பொருளாளர் மைதானத்தின் கோடி வரை பார்வையை ஓட்டுகிறார். சட்டென்று கழுத்துக்குக் கை போகிறது. விசிலும் அடையாள அட்டையோடு முதுகுக்குப் போயிருக்கிறது. எட்டி இழுத்து ஊதுகிறார்.)

பெயிண்டர்: ...மூன்று, நான்கு, ஐந்து. என்னம்மா, ஆபத்தா?

பொருளாளர்: இரண்டாவது டார்கெட்டுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் கடப்பாரையோடு நிற்பது யார்?

பெயிண்டர்: நம் பையன். இரண்டு குழியும் முடித்துவிட்டான் போலிருக்கிறதே, கெட்டிக்காரன்.

பொருளாளர்: அங்கே எதற்குத் தோண்டினான்?

பெயிண்டர்: எல்லார் பார்வையும் படுகிற இடம் என்று சொல்லியிருந்தேனே. விசாரித்திருப்பான். இங்கே வருகிற எல்லாரும் அந்தப் பக்கம்தானே கண் இமைக்காமல் பார்க்கிறீர்கள்?

பொருளாளர்: அண்ணே, கோட்டிலிருந்து அது 70 மீட்டர். இரண்டு அங்குல எழுத்து எப்படித் தெரியும்?

பெயிண்டர்: கிட்டே போய்ப் படிக்கட்டும்.

பொருளாளர்: கிட்டே போக வேண்டுமென்றால் கோட்டைத் தாண்ட வேண்டும்.

பெயிண்டர்: தாண்டினால்தானே தாண்டாதே என்று... (நிறுத்துகிறார்.)

(பையன் தூரத்தில் கடப்பாரையைத் தூக்கிக் காட்டுகிறான், பாராட்டை எதிர்பார்த்து.)

பொருளாளர்: வாசலில் புதுக் குழி தோண்ட எவ்வளவு?

பெயிண்டர்: குழிக்கு 150. இரண்டுக்கு 300.

பொருளாளர்: அங்கே தோண்டியதை மூடுவதற்கு?

பெயிண்டர்: அது ஒற்று மாதிரிம்மா. கணக்கில் சேர்க்க மாட்டேன்.